திரும்பச் சொல்ல ஒரு குரல்

தோசைக்கல்லில் விரல் பட்டது குழலிக்கு அப்போது தெரியவில்லை. சாயங்காலம் துணி அலசும்போதுதான் ஆள்காட்டி விரலில் இருந்த கொப்புளம் கண்ணில் பட்டது. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுத்தினாள். எரிய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எரியவில்லை.

முழுப் பெயர் மட்டுவார்குழலி. முசிறிக்குப் பக்கத்தில் வாழை போடும் மூக்கனுக்கும் ரெங்கம்மாளுக்கும் ஒரே பெண். பிரசவம் நல்லபடி ஆக வேண்டுமென்று தாயுமானவர் கோயிலுக்கு வாழைத்தார் வேண்டிக்கொண்ட ரெங்கம்மாள், பிறந்த பெண்ணுக்கு அந்தக் கோயில் அம்மனின் பெயரையே வைத்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ரயில் எஞ்சினில் ஏறிய முதல் ஆளும் அவள்தான். உதவி ஓட்டுநர் வேலை. திருச்சியில் வேலை, ஸ்ரீரங்கத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை. இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அவளைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருந்தது.

எஞ்சினுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் உதவி ஓட்டுநர் கையை நீட்டிக் காட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். கிரீன் என்றால் கிரீன். இரண்டு பேர் கண்ணும் ஒன்றையே பார்த்திருக்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி அது பேச்சு என்பதைத் தாண்டி மூச்சு மாதிரி ஆகிவிடும். ஓட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் எடை போடுவதும் அந்தக் குரலை வைத்துத்தான். குரல் தெளிவாக இருந்தால் ஆள் சரியாக இருக்கிறார் என்று பொருள்.

எல்லாரும் ஏமாந்தது அங்கேதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் காலை லால்குடி தாண்டி, அரியலூர்ப் பக்கம் காலி சிமென்ட் வேகன்களோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் ஸ்டீபன்ராஜ். பொன்மலைக்காரர், நாற்பதை நெருங்குகிறவர், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர். முசிறிக்கு ரயிலே கிடையாது என்பதால் குழலிக்கு ‘முசிறி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். குழலி கையை நீட்டி கிரீன் என்றாள். அவரும் கிரீன் என்றார். சவுக்குத் தோப்பு ஓரத்திலிருந்து ஒரு மனிதர் சாவகாசமாக ஏறி வந்து தண்டவாளத்தில் நின்றார்.

பிரேக் போட்டும் சரக்கு வண்டி உடனே நிற்காது. நின்ற பிறகு, ஓட்டுநர் எஞ்சினை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியவள் உதவி ஓட்டுநர். வாக்கி-டாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு குழலி வேகன்களை ஒட்டிப் பின்னால் நடந்தாள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். ஜல்லியில் ஒரு தூக்குவாளி சரிந்து கிடந்தது. மூடி திறக்கவில்லை. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். சோறு சுடச்சுட இருந்திருக்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழே விரல் பட்டபோது சுரீரென்றது. கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்த கார்டு, நீ போய் ஏறிக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். திரும்பி வந்து ஏறினாள். ஸ்டீபன்ராஜ் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவு வந்து வண்டி கிளம்பியது. அடுத்த சிக்னலில் அவள் கையை நீட்டினாள். கிரீன். அவர் திரும்பச் சொன்னார். விருத்தாசலம் வரைக்கும் ஒன்றுகூட விடாமல், மணி அடித்த மாதிரிக் குரலில் சொன்னாள்.

அது எப்படியோ எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கல் மாதிரி நின்றாளாம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையாம். பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களே அவளை உதாரணம் காட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த யாழினி என்ற பெண், அக்கா நீங்க எப்படிக்கா தாங்கினீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள். குழலிக்கும் அது உண்மை என்றே தோன்றியது. தனக்கு மனது திடம் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு, திடமா, இல்லை மனதே இல்லையா என்று நினைத்தாள். ஒரு மனிதர் போய்விட்டார்; தனக்கு அழுகை வரவில்லை. தான் எப்படிப்பட்டவள்? இந்தக் கேள்விகூடக் குத்தவில்லை. யாரோ கேட்டுவிட்டுப் போன மாதிரி நின்றது.

ஸ்டீபன்ராஜ் அதன் பிறகு அவளோடு வண்டி ஏறவில்லை. முட்டி வலி என்று எழுதிக் கொடுத்துப் பொன்மலையிலேயே பெட்டி தள்ளும் ஷண்டிங் வேலைக்குப் போய்விட்டார். எதிரே பார்த்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போனார். கல் மாதிரிப் பெண்ணோடு யார்தான் பழகுவார்கள் என்று குழலி விட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து, டவுன் ஸ்டேஷனைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியபோது எதிரே ஸ்ரீரங்கத்து சிக்னல் தெரிந்தது. கையை நீட்டினாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அன்றைக்கு ஓட்டுநர் மாத்ருபூதம். அவர் ஒரு நொடி காத்திருந்தார், அவளைப் பார்த்தார், தானே சொல்லிக்கொண்டார். அடுத்த சிக்னலுக்கும் அப்படியே. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்று தெளிவாகப் பதில் சொன்னாள். எல்லாச் சொல்லும் வந்தது. அந்த ஒரு சொல்தான் வரவில்லை. அவர் விதிப்படி மேலதிகாரிகளிடம் தெரிவித்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றோடு அவள் எஞ்சினிலிருந்து இறங்கினாள்.

ரயில்வே ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் அனுபமா அவளிடம் பொறுமையாகப் பேசினார். ஆபத்து வந்தால் உடம்பு சண்டை போடப் பார்க்கும், ஓடப் பார்க்கும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் மின்சாரத்தை மொத்தமாக அணைத்துவிடும். அது உங்கள் குறை இல்லை, உங்கள் நரம்புகள் உங்களைக் காப்பாற்றிய விதம் அது என்றார். உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் குழலி, ஒண்ணும் இல்ல மேடம் என்றாள்.

படித்த பெண் அல்லவா, அறைக்கு வந்து போனில் தேடித் தேடி வாசித்தாள். மூளையின் பாகங்கள், மூச்சின் வேகம், நரம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்பதெல்லாம் தேர்வுக்குப் படித்ததுபோல மனப்பாடம் ஆனது. எல்லாம் புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. மாடியில் நின்று ஸ்ரீரங்கத்து சிக்னலைப் பார்த்துக் கையை நீட்டிப் பார்ப்பாள். தொண்டை மூடிக்கொள்ளும். கிரீன் என்றால் வழியில் ஒன்றும் இல்லை, போகலாம் என்று அர்த்தம். அன்றைக்கும் அவள் அப்படித்தான் சொன்னாள்.

ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தாள். வருகிறவர்கள் வண்டி எவ்வளவு வேகம் போனது என்று கேட்டார்கள். ரெங்கம்மாள் யாரையும் உட்காரவிடாமல் அனுப்பினாள். தான் எதுவும் கேட்கவில்லை. மகள் பக்கத்தில் படுத்து வயிற்றின் மேல் கையைப் போட்டுக்கொண்டாள். குழலிக்கு அது நனைந்த துணியைப் போட்டதுபோல இருந்தது. அம்மாவின் கை என்று தெரியும், அவ்வளவுதான். மூக்கன்தான் கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னார்: “ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில ஒரு வேலை கேட்டு வாங்கிக்க தாயி. எஞ்சின் போதும்.”

எஞ்சின் போதுமா? அந்த வேலைக்காக அவள் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றாள் என்பது நினைவிருந்தது. அது வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. ஆசை மட்டும் இல்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கும் குரல் வராவிட்டால் மாற்று வேலைக்கு எழுதிவிடுவார்கள். அப்புறம் எஞ்சின் கிடையாது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் ஏறி வந்தாள். ஸ்டீபன்ராஜின் மனைவி ரெஜிஸ். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கையில் துணி சுற்றிய பாத்திரம்.

“மீன் குழம்பு. நான் போன பெறகு ஜன்னலைச் சாத்திட்டுத் தொற. கீழ் வீட்டு மாமா வாசனை பிடிச்சாருன்னா உன்னையக் காலி பண்ணச் சொல்லிருவாரு” என்றபடி உட்கார்ந்தாள். நேராக விஷயத்துக்கு வந்தாள். “குழலி, எனக்குத் தூக்கம் போச்சு. இந்த மனுஷன் தூக்கத்துல கையை நீட்டிக் கிரீன்ங்கிறாரு. பதில் வர்ற வரைக்கும் கையை எறக்க மாட்டேங்கிறாரு. நானும் படுத்துக்கிட்டே கிரீன்ங்கிறேன். அப்பறந்தான் கை கீழ வருது. ஒருநாள் கடுப்புல ரெட்டுன்னு சொல்லிட்டேன். எந்திரிச்சு உக்காந்து பிரேக்கைத் தேடறாரு.”

இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று குழலிக்குத் தெரிந்தது. உதட்டை அப்படி வைத்துக்கொண்டாள். ஆனால் ஒன்று மட்டும் உள்ளே தட்டியது. ஓட்டுநர் திரும்பச் சொல்கிறவர். முதலில் கையை நீட்டிச் சொல்வது அவளுடைய வேலை. அவர் தூக்கத்தில் அவள் இடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. நீ வந்தா அவரு வாயைத் தொறப்பாரு. எனக்காக வா” என்றாள் ரெஜிஸ். தனக்காக என்றால் குழலி போயிருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ஜங்ஷனில் மாறிப் பொன்மலையில் இறங்கினாள். சந்தைக் கூட்டம். புறாவும் கோழியும் பழைய இரும்பும் அவளைத் தாண்டிப் போயின. ரயில்வே குவார்ட்டர்ஸில் ரெஜிஸ் அவளை நேரே மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். படி முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள் குழலி. ரெஜிஸ் போய்க் காயப்போட்டிருந்த மிளகாயைக் கிளற ஆரம்பித்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஸ்டீபன்ராஜ் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கீழே தண்டவாளம், கொஞ்ச தூரத்தில் சிக்னல்.

“முசிறி எக்ஸ்பிரஸ் லேட்டு” என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“முட்டி எப்படி இருக்கு சார்?”

“வலிதான்.”

“வலியாம்” என்றாள் ரெஜிஸ். “போன வாரம் சந்தையில கோழி கையைவிட்டு ஓடிருச்சு. கறிக்கடை வரைக்கும் தொரத்திப் பிடிச்ச முட்டி அது.”

யாரும் சிரிக்கவில்லை. கீழே சந்தையில் ஒருவன் கத்தரிக்காய் விலையைக் கூவிக்கொண்டிருந்தான். ஸ்டீபன்ராஜ் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“அன்னிக்கு ஏன் வாக்கி-டாக்கி செட்டுல பதில் சொல்லல?”

“எப்ப சார்?”

“எறங்கிப் போனியே, அப்ப. நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே.”

“நீங்க கூப்பிடல சார்.”

அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். “குழலி, குழலின்னு தொண்டை கட்டிப் போச்சு எனக்கு. நடுவுல கார்டுதான் பதில் சொன்னாரு, பொண்ணு நிக்குது, நல்லாத்தான் இருக்குன்னு. அப்பறமும் கூப்பிட்டேன். நீ ஏறி வந்து என் மூஞ்சியே பாக்கல. விதி விதின்னு சொல்லிக்கிட்டு ஒரு பொண்ணைத் தனியா அனுப்பிட்டான் பாருன்னு நீ நெனச்சிட்டியோன்னு...” என்று நிறுத்திக்கொண்டார்.

வாக்கி-டாக்கி அவள் இடுப்பில்தான் இருந்தது. அது கத்தினால் பக்கத்தில் நிற்பவர் திடுக்கிடுவார். குழலி அந்த நடையை மறுபடி நினைத்துப் பார்த்தாள். வேகன்கள், ஜல்லி, வெயில். எதிலும் சத்தம் இல்லை. இத்தனை நாளும் அதை அவள் ஒரு தனிமை என்று நினைத்திருந்தாள். கூப்பிட ஆள் இல்லாததால் வந்த அமைதி என்று. கூப்பிட்டிருக்கிறார்கள். காதுதான் மூடியிருக்கிறது. அனுபமா சொன்னதும் போனில் வாசித்ததும் இதுதான். ஆனால் அதை வாசிப்பது வேறு, தொண்டை கட்டியவர் எதிரில் உட்கார்ந்து சொல்வது வேறு.

“அங்க ஒரு தூக்குவாளி கெடந்துச்சு சார்” என்றாள். இதை அவள் அனுபமாவிடம்கூடச் சொன்னதில்லை. “மூடி தொறக்கல. சூடா இருந்துச்சு. அப்பத்தான் யாரோ சோறு போட்டுக் குடுத்திருக்காங்க. சாஞ்சு கெடந்தத நிமித்தி வச்சேன்.”

ரெஜிஸ் மிளகாய் கிளறுவதை நிறுத்தினாள். எழுந்து வந்து பின்னால் நின்று குழலியின் முதுகில் கையை வைத்தாள். மிளகாய்க் காரம் ஒட்டிய கை.

“ஏன் வச்சேன்னு தெரியல சார்.”

“வச்சது நல்லது” என்றார் ஸ்டீபன்ராஜ். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நல்லதுதான் செஞ்ச.”

அப்போது கீழே சிக்னல் மாறியது. ஜங்ஷன் பக்கமிருந்து வண்டி ஏதோ வரப்போகிறது. பழக்கத்தில் குழலியின் கை எழுந்து நீண்டது. வாய் திறந்தது. தொண்டை எப்போதும்போல மூடிக்கொண்டது. கையை அப்படியே கீழே போட்டாள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் இதையேதான் சொல்லப் போகிறோம் என்று நினைத்தாள்.

ஸ்டீபன்ராஜ் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில், எஞ்சினில் இருக்கிற இடைவெளியில் நின்றார். அவளைப் பார்க்கவில்லை. சிக்னலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“கிரீன்.”

கை நீண்டபடியே நின்றது. ஆடவில்லை, இறங்கவில்லை. வண்டிச் சத்தம் நெருங்கியது. பதில் வராமல் அந்தக் கை இறங்காது என்று குழலிக்குத் தெரியும். ரெஜிஸ் சொல்லியிருக்கிறாள். ரெஜிஸின் வாயும் திறக்கவில்லை. அவள் குழலியின் முதுகை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

“கிரீன்” என்றாள் குழலி.

மணி அடித்த மாதிரிக் குரல் இல்லை அது. சளி பிடித்தவள் குரல்போலக் கரகரத்து, பாதியில் உடைந்தது. கை இறங்கியது. வண்டி மூன்று பேரையும் ஆட்டிவிட்டுக் கடந்து போனது. கடைசிப் பெட்டி போன பிறகு குழலி ஒரு காலைத் தூக்கினாள். அதை வைத்துவிட்டு மறு காலைத் தூக்கினாள்.

“அக்கா, தரை சுடுது.”

“இத்தன நேரமா அதுலதானே நிக்கிற. செருப்பைப் போட்டுக்கன்னு ரெண்டு தரம் சொன்னேன். காதுல விழல உனக்கு” என்றாள் ரெஜிஸ்.

திங்கட்கிழமை அனுபமா வழக்கம்போலக் கேட்டார்: உடம்பில் எங்கே என்ன தெரிகிறது? குழலி கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளங்கால் எரிகிறது என்றாள். அனுபமா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். குழலி நடந்ததைச் சொன்னாள். குணமாகிவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நேற்றிரவும் மாடியில் தனியாக நின்று கையை நீட்டிப் பார்த்தாள், வரவில்லை. அதையும் சொன்னாள்.

“மொதல்ல சொல்ல வரல மேடம். யாராவது சொன்னா திரும்பச் சொல்ல வருது.”

அனுபமா மாற்று வேலை விண்ணப்பத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம், மருத்துவ விடுப்பை இன்னும் நீட்டச் சொல்கிறேன் என்றார். அடுத்த முறை வரும்போது ஸ்டீபன்ராஜையும் கூட்டி வர முடியுமா என்று கேட்டார்.

“அவரு முட்டி வலின்னு சொல்வாரு மேடம்.”

“முட்டியையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். பாதத்தை முழுதாக ஊன்ற முடியாமல் ஓரத்தில் ஊன்றி நின்றாள். மூக்கன் போனில் வந்தார். ஆபீஸ் வேலைக்கு எழுதியாச்சா என்று கேட்டார்.

“இல்லப்பா. இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன்.”

அந்தப் பக்கம் வாழைத்தோட்டத்தில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மூக்கன் எப்போதும்போல, சாப்பிட்டியா என்றார். அவள் எப்போதும் அதற்கு ஆச்சுப்பா என்றுதான் சொல்வாள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.

“இல்லப்பா” என்றாள். “பசிக்குதான்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் சாப்பிடறேன்.”